பிறப்புச் சான்றிதழ்: அரசின் கடமை, மக்களின் சுமையா?

(பிறப்பு – இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் குறித்து இயக்க ஊழியர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிறப்புச் சான்றிதழ் என்பது ஒரே ஒரு தாள். குழந்தையின் பெயர், பாலினம், பிறந்த தேதி, பிறந்த இடம், தாயின் பெயர், தந்தையின் பெயர், பெற்றோரின் முகவரி, பதிவு எண், பதிவு செய்த நாள் ஆகியவை அத்தாளில் இருக்கும். சாதி அதில் இல்லை. மதம் அதில் இல்லை. குடியுரிமை அதில் இல்லை. இன்ன நாளில், இன்ன ஊரில், இன்னாருக்கு ஓர் உயிர் பிறந்தது என்பதை மட்டுமே அது சாட்சி சொல்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் இதையே கூறுகிறது. பதிவேட்டின் பிரதி அப்பிறப்பை மெய்ப்பிப்பதற்கான சாட்சியம் என்று சட்டம் வரையறுத்தது.

இவ்வளவு எளிய ஒரு தாள், இன்று கோடிக்கணக்கான உழைப்பாளி மக்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. பள்ளியில் கேட்கிறார்கள், வாக்காளர் பட்டியலுக்குக் கேட்கிறார்கள், கடவுச்சீட்டுக்குக் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்பவர் குற்றவாளியைப் போலக் கூனிக் குறுகி நிற்கிறார். அந்தத் தாள் இல்லாமற் போனது யாருடைய தவறு என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் இப்பொருளைத் தொடங்க வேண்டும்.

பதிவு யாருடைய கடமை?

வீட்டில் குழந்தை பிறந்தால் குடும்பத் தலைவரும், மருத்துவமனையில் பிறந்தால் அதன் பொறுப்பு மருத்துவரும் தகவல் தர வேண்டும் என்று 8ஆம் பிரிவு சொல்கிறது. 21 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும் என்பது விதி. பொதுவாக அதிகாரிகள் மக்களுக்கு நினைவூட்டுவது இந்தப் பகுதியை மட்டுமே. அதற்கு முந்தைய 7ஆம் பிரிவை அவர்கள் நினைவூட்டுவதில்லை. தம்மிடம் வந்து சொல்லப்படும் பிறப்புகளைக் கட்டணமின்றிப் பதிவது மட்டும் பதிவாளரின் வேலையன்று. தம் எல்லைக்குள் நிகழும் ஒவ்வொரு பிறப்பையும் தாமே கவனமாக விசாரித்து அறிந்து, விவரங்களைத் திரட்டிப் பதிய வேண்டியதும் அவரது கடமை என்று அப்பிரிவு தெளிவாக வகுத்திருக்கிறது.

ஆகவே ஒரு கிராமத்தில் ஒரு குழந்தையின் பிறப்பு பதியப்படவில்லை என்றால், குடும்பம் தகவல் தரத் தவறியிருக்கலாம். ஆனால் அரசும் தன் கடமையில் தவறியிருக்கிறது. முதல் தவறு எழுத்தறிவற்ற ஒரு குடும்பத்தின் தவறு. இரண்டாவது தவறு சம்பளமும் அலுவலகமும் முத்திரையும் உள்ள ஓர் அமைப்பின் தவறு. தண்டனை மட்டும் முன்னவருக்கே வந்து சேர்கிறது.

பெற்றோர் பதிவு செய்யத் தவறினர் என்ற ஒரே காரணத்தால் எந்தக் குடிமகனும் இன்னலுக்கோ இழப்புக்கோ ஆளாகாமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு என்று உச்சநீதிமன்றமே 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் சுட்டிக்காட்டியது. பிறந்த உடனே பதியப்படுவது குழந்தையின் உரிமை என்று கூறும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992 டிசம்பரில் இந்தியா ஏற்றது. உரிமை குழந்தையுடையது, கடமை அரசுடையது. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உழைப்பாளிக்கு வயது ஏன் முக்கியம்?

பதிவு என்றாலே அது கண்காணிப்பு, ஆகவே அதை எதிர்க்க வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். தொழிலாளி வர்க்கத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு அமர்த்தத் தடை விதித்தபோது, குழந்தையின் வயதை மெய்ப்பிக்க நாடு தழுவிய பிறப்புப் பதிவு அங்கே இருக்கவில்லை. மருத்துவர் குழந்தையின் உடற்கட்டைப் பார்த்து வயதை மதிப்பிட்டார். முதலாளியின் தேவைக்கு ஏற்ப அம்மதிப்பீடு வளைந்தது. சான்றளிக்கும் மருத்துவர்கள் குழந்தைகளின் வயதை எப்படித் திருத்தினர் என்பதைக் காரல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் பதிவு செய்திருக்கிறார். அங்கே அரசின் பிறப்புப் பதிவு தொடங்கியது 1837இல்தான்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கக் கூடாது, ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளோருக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்பதே அன்றைய ‘பாதுகாப்பு’. அந்த அற்பப் பாதுகாப்பைப் பெறவும் வயதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

இன்றும் நிலைமை வேறில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு அமர்த்துவது குற்றம். பதினெட்டு வயது நிறையாத பெண்ணின் திருமணம் குற்றம். அறுபது வயது நிறைந்த ஏழை முதியவருக்கு ஓய்வூதியம் உண்டு. இச்சட்டங்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் வயதுச் சான்று காவல் நிற்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி வயதை உறுதிசெய்ய முதலில் பள்ளிச் சான்று, அது இல்லையேல் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையேல் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. பள்ளிக்கும் செல்லாத, பிறப்பும் பதியப்படாத சிறுவனுக்கு எஞ்சியிருப்பது எக்ஸ்ரே மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலை மருத்துவர் மதிப்பிட்டதைப் போலவே இதுவும் தோராயமான மதிப்பீடுதான்.

எனவே பிறப்புப் பதிவு உழைக்கும் மக்களுக்கு ஒரு கேடயம். அதை எதிர்ப்பது நோக்கமாக இருக்க முடியாது. அந்தக் கேடயத்தை வாளாக மாற்றி, அதே மக்களின் கழுத்தில் வைக்கும் அரசியலையே எதிர்க்க வேண்டும்.

பதியப்படாத தலைமுறை

கணக்குகள் என்ன சொல்கின்றன? 2005–06இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 41 விழுக்காட்டினரின் பிறப்புகளே பதியப்பட்டிருந்தன. பீகாரில் அது ஏறத்தாழ 6 விழுக்காடு. 2019–21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அகில இந்திய அளவு 89 விழுக்காடாக உயர்ந்தது.

இந்த உயர்வு எப்படி நிகழ்ந்தது? அதே இரண்டு ஆய்வுகளையும் ஒப்பிட்டால், மருத்துவமனைகளில் நிகழ்ந்த பிரசவங்களின் விகிதம் 39இலிருந்து 89 விழுக்காடாக உயர்ந்திருப்பதைக் காணலாம். இரண்டு கோடுகளும் ஒன்றாகவே மேலேறுகின்றன. மக்கள் திடீரென விழிப்படைந்ததால் மட்டும் பதிவு பெருகவில்லை. மருத்துவமனை அவர்களுக்கு எட்டியது. மருத்துவமனையின் வழியே பதிவேடும் எட்டியது. மருத்துவச்சியின் கையில் குடிசையில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் இல்லாமற் போனதற்கு, அந்த ஊரில் மருத்துவமனையே இல்லாமற் போனது பெருங்காரணம்.

2005–06 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டிருந்த குழந்தைகள் இன்று யார்? இருபது வயதைத் தொட்டும் தாண்டியும் நிற்கும் இளம் வாக்காளர்கள். அன்றைய பீகாரில் நூற்றுக்கு ஆறு குழந்தைகளை மட்டுமே பதிந்த அரசு நிர்வாகம், 2025இல் அதே தலைமுறையிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டது.

கயை மாவட்டத்திலிருந்து உத்தரப்பிரதேசத்தின் செங்கல் சூளைகளுக்குக் குடும்பத்தோடு செல்லும் முசஹர் தொழிலாளர்களை எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலம் முடிந்ததும் சென்று, அடுத்த மழைக்கு முன் திரும்புவார்கள். சூளையருகே பிளாஸ்டிக் கூரைக்கடியில் குழந்தை பிறக்கிறது. பிறப்பு நிகழ்ந்த இடத்தின் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும் என்கிறது சட்டம். அந்த ஊரில் அவர்களுக்கு முகவரி இல்லை. முன்பணக் கடன் தீராமல் சூளையை விட்டு வெளியே செல்லவும் முடியாது. 21 நாட்கள் கடக்கின்றன. 30 நாட்களைத் தாண்டினால் மாவட்டப் பதிவாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஓராண்டைத் தாண்டினால் நடுவரின் ஆணை வேண்டும். அதற்குள் குடும்பம் சொந்த ஊர் திரும்பி, அடுத்த பருவத்தில் வேறொரு சூளைக்குச் சென்றிருக்கும். குழந்தை ஒரு மாநிலத்தில் வளர்கிறது. பதியப்படாத அதன் பிறப்பு வேறொரு மாநிலத்தில் கிடக்கிறது.

2023ஆம் ஆண்டுத் திருத்தம்

இந்தப் பின்னணியில்தான் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டு, அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அந்நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. கல்வி நிறுவனச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, கடவுச்சீட்டு, ஆதார் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ‘ஒரே சான்றிதழ், எளிய வாழ்க்கை’ என்ற பாணியில் இது விளம்பரப்படுத்தப்பட்டது.

சான்றிதழ் கையில் உள்ளவருக்கு எளிதுதான். இல்லாதவருக்கு என்ன வழி? வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்படக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உறுதியளிக்கிறது. 2023 அக்டோபருக்குப் பின் பிறந்த குழந்தைகள் ஆறு வயது நிறைந்து முதல் வகுப்புக்கு வரும் ஆண்டுகளில், இவ்விரண்டு சட்டங்களில் எதைத் தலைமையாசிரியர் கையில் எடுப்பார்? கல்வி உரிமைச் சட்டத்தின் அந்தப் பிரிவு உயிரோடிருக்கிறது என்பதை இன்றிலிருந்தே ஒவ்வோர் ஊரிலும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருத்தத்தின் மற்றொரு பகுதி இன்னும் ஆழமானது. பிறப்பு, இறப்புகளின் தேசியத் தரவுத்தளம் ஒன்றை ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இந்தியத் தலைமைப் பதிவாளர் பராமரிப்பார். மக்கள்தொகைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், ஆதார், குடும்ப அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றின் தரவுத்தளங்களோடு அத்தகவல்கள் பகிரப்பட வழி செய்யப்பட்டுள்ளது. குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் பள்ளி கட்டவும் திரட்டப்பட வேண்டிய புள்ளிவிவரம், தேசியக் குடிமக்கள் பதிவேட்டுக்கு முதற்படி என்று விதிகளிலேயே வகுக்கப்பட்ட மக்கள்தொகைப் பதிவேட்டை நோக்கித் திருப்பப்படுகிறது.

பிறப்பு அறிக்கைப் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. சட்டப் பகுதியில் உள்ளவை சான்றிதழில் இடம்பெறும். தாயின் வயது, பெற்றோரின் கல்வி, தொழில், பிரசவம் பார்த்தவர், குழந்தையின் எடை முதலியவை புள்ளிவிவரப் பகுதியில் சேரும். அவை சான்றிதழில் வராது. குடும்பத்தின் மதம் என்று இப்பகுதியில் இருந்த ஒரு கேள்வி, 2024இல் ஒன்றிய உள்துறை மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி விதிகளில் தந்தையின் மதம், தாயின் மதம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கலப்பு மணங்களை ‘லவ் ஜிகாத்’ என்று பழித்துச் சட்டம் இயற்றும் மாநில அரசுகள் உள்ள நாட்டில், இது வெறும் புள்ளிவிவர ஆர்வம் என்று நம்பச் சொல்வது மக்களின் அறிவை அவமதிப்பதாகும்.

தாமதப் பதிவுக்கான அதிகாரமும் கைமாறியிருக்கிறது. ஓராண்டு கடந்த பதிவுக்கு முன்பு முதல் வகுப்பு நடுவரின் ஆணை தேவைப்பட்டது. இப்போது மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் அல்லது ஆட்சியரால் அதிகாரம் அளிக்கப்பட்ட நிர்வாகத்துறை நடுவர் ஆணையிடலாம். நீதிமன்றப் படிக்கட்டை மிதிக்க அஞ்சும் ஏழைக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் நிர்வாகம் தரும் ஒன்றை நிர்வாகமே நிறுத்தவும் முடியும். 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் அதுவே நடந்தது. வங்கதேசத்தவரும் ரோஹிங்யாக்களும் போலிச் சான்றிதழ் பெறுகின்றனர் என்ற பிரச்சாரத்தைத் தொடர்ந்து, தாமதப் பிறப்புச் சான்றிதழ் வழங்குவது நிறுத்திவைக்கப்பட்டு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. போலியைத் தண்டிக்கும் பெயரில், உண்மையாகவே பதியப்படாமற் போன ஏழைகள் அனைவரும் வாசலில் நிறுத்தப்பட்டனர்.

சான்றிதழ் சொல்லாத குடியுரிமை

பிறப்புச் சான்றிதழ் இருந்தால் குடிமகன் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அப்படியில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்தியாவில் பிறந்தவர், பிறப்பாலேயே குடிமகன். அதன் பின்னர், 2004 டிசம்பர் 3க்கு முன்வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்கும் பின்னர் பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். 1987க்கு முன் பிறந்தவருக்குப் பிறந்த தேதியும் இடமும் சொல்லும் தாள் போதும். ஆனால் அந்தத் தலைமுறையில் பெரும்பாலோரின் பிறப்புகள் பதியப்படவே இல்லை. பின்னால் பிறந்தவர்களிடம் தாள் இருக்கலாம். அதில் பெற்றோரின் பெயர் உண்டு, அவர்களின் குடியுரிமை இல்லை. எவருக்கு அது போதுமோ அவரிடம் அது இல்லை. எவரிடம் அது இருக்கிறதோ அவருக்கு அது போதாது.

அசாமில் இது ஒத்திகை பார்க்கப்பட்டது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடப்பட்டனர். அங்கே மிகவும் அலைக்கழிக்கப்பட்டோர் பெண்கள். பள்ளிக்குச் செல்லாமல், இளம் வயதில் மணமாகி வேறு ஊருக்குச் சென்ற பெண்ணுக்குத் தன் தந்தையின் மகள் என்று மெய்ப்பிக்க ஊராட்சிச் செயலாளரின் சான்றைத் தவிர வேறில்லை. அச்சான்று செல்லாது என்று 2017இல் கௌகாத்தி உயர்நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், உரிய சரிபார்ப்போடு அதை ஏற்கலாம் என்று திருத்தும்வரை இலட்சக்கணக்கான பெண்கள் அந்தரத்தில் நின்றனர்.

2025 ஜூன் 24 அன்று பீகாரில் தேர்தல் ஆணையம் அறிவித்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம், குடியுரிமைச் சட்டத்தின் அதே தேதிகளைக் கையிலெடுத்தது. 2003 பட்டியலில் இல்லாதவர்கள் பதினொரு ஆவணங்களில் ஒன்றைத் தர வேண்டும். பிறந்த ஆண்டைப் பொறுத்துத் தாய், தந்தைக்கும் தர வேண்டும். ஏழைகளிடம் உண்மையில் இருக்கும் ஆதாரும், குடும்ப அட்டையும், ஆணையமே வழங்கிய வாக்காளர் அட்டையும் அப்பட்டியலில் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இருமுறை பதிவானோர் என்று காரணம் கூறப்பட்டது. அப்பெயர்களைக் காரணத்தோடு வெளியிட உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கச் செய்யவும் செப்டம்பர் 8 அன்று இன்னோர் ஆணை வேண்டியிருந்தது. அக்டோபர் 27 அன்று அத்திருத்தம் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

தந்தையின் பெயரும் தாயின் உரிமையும்

சான்றிதழில் பதியப்படுபவை போராட்டங்களால் மாறியும் இருக்கின்றன. தந்தையின் பெயரைச் சொல்ல விரும்பாத மணமாகாத தாய் ஒருவர், தம் மகனுக்குத் தாமே சட்டக் காப்பாளராக வேண்டி டெல்லியின் நீதிமன்றங்களை நாடினார். கீழமை நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் மறுத்தன. 2015 ஜூலை 6 அன்று உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தனித்து வாழும் பெற்றோரோ மணமாகாத தாயோ தம் வயிற்றில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் கோரினால், ஓர் உறுதிமொழிப் பத்திரம் மட்டும் பெற்றுக்கொண்டு வழங்கியாக வேண்டும் என்று ஆணையிட்டது. 2023 திருத்தத்திலும் தனிப் பெற்றோருக்கான பதிவு இடம்பெற்றுள்ளது. ஆயினும் தந்தை பெயருக்கான கட்டத்தைக் காட்டி, “இது காலியாக இருக்கக் கூடாது” என்று பெண்களைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அலுவலகங்களில் இன்னும் மறையவில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணும், கணவனால் கைவிடப்பட்ட பெண்ணும் அந்தக் கட்டத்தின் முன்னால் நின்று தம் கதையை எழுத்தரிடம் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது மாதர் இயக்கத்தின் பணி.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பதியப்படாத குழந்தைகளின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். செங்கல் சூளை, கரும்பு வெட்டும் வயல், கட்டுமானத் தளம், குடிசைப் பகுதி ஆகியவற்றில் முதலில் தேட வேண்டும். 7ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, பதிவாளரே அங்கு வந்து பதிய வேண்டும் என்று கோர வேண்டும். பதிவு முடிந்த ஏழு நாட்களுக்குள் தகவல் தந்தவருக்குக் கட்டணமின்றிச் சான்றிதழ் தரப்பட வேண்டும் என்பது சட்டம். அதற்கு இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. பெயரில்லாமல் பதியப்பட்ட குழந்தைகளுக்குப் பெயர் சேர்க்கவும் விதிகளில் வழி உண்டு.

இரண்டாவதாக, தாமதப் பதிவுக்கு முகாம்கள் நடத்தவும், கட்டணத்தை நீக்கவும், மனுக்களுக்குக் கால வரம்பு விதிக்கவும் மாநில அரசுகளை வலியுறுத்த வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் எழுத்துமூலம் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, சான்றிதழ் இல்லை என்பதற்காகப் பள்ளி, ரேஷன், மருத்துவம், வாக்கு எதுவும் மறுக்கப்படக் கூடாது என்ற முழக்கத்தை முன்னெடுக்க வேண்டும். பிறப்புப் பதிவின் தரவுகளைக் குடியுரிமைச் சோதனைக்குப் பயன்படுத்தும் ஏற்பாட்டை நீக்கக் கோர வேண்டும்.

பிறப்புச் சான்றிதழில் அரசின் முத்திரை இருக்கிறது. பதிவாளரின் கையொப்பம் இருக்கிறது. ஒரு குழந்தை பிறந்ததை அரசு பார்த்தது, எழுதி வைத்தது என்பதற்கான ஒப்புதல் அது. அத்தாள் இல்லாத ஒவ்வொரு மனிதரும் அரசு பார்க்கத் தவறிய ஒரு மனிதர். பார்க்கத் தவறிய அரசுக்கு, “நீ யார்?” என்று அவரைக் கேட்கும் தகுதி இல்லை. “இத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தாய்?” என்று அரசைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அந்தக் கேள்வியை அவர் தலைநிமிர்ந்து கேட்கும்படி துணை நிற்பதே இயக்கத்தின் கடமை.